கணக்கைப் போட்டவர் ஒருவர், குழாயை வைத்திருந்தவர் இன்னொருவர்: கிரிம்சன் ஹெக்ஸகனை நடத்தியவர்கள்

ஒரு கம்பெனியைப் பற்றிச் சமூக ஊடகங்களில் ஆயிரம் பதிவுகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் உண்மையிலேயே குறை சொல்பவை 100. மீதி 900 வேறு ஏதோ பேசுகின்றன. ஒவ்வொரு பதிவையும் படித்து 'குறை', 'குறை இல்லை' என்று பிரிக்கும் மென்பொருளுக்கு 80 சதவீதத் துல்லியம் இருக்கிறது. கேட்பதற்கு நல்ல எண்தான். ஆனால் அது குறை சொல்லும் 100இல் 80ஐச் சரியாகப் பிடிக்கும். குறை சொல்லாத 900இல் ஐந்தில் ஒன்றை, அதாவது 180ஐ, குறை என்று தவறாகச் சேர்த்துவிடும். மொத்தம் 260. வாடிக்கையாளர்களில் 26 சதவீதம் பேர் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்று அறிக்கை போகும். உண்மை 10 சதவீதம்.

சமூக ஊடகப் பகுப்பாய்வுத் தொழில் தொடக்கத்திலிருந்தே சுமந்துவரும் பிழை இது. பதிவுகளைக் கூட்டினால் தவறு கரைந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. தவறு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால்தான் கரையும். இங்கே பெரும்பான்மையிலிருந்து சிறுபான்மைக்கு ஒரே திசையில் ஒழுகுகிறது. ஆயிரத்துக்குப் பதில் பத்து லட்சம் பதிவுகளை எடுத்தாலும் அதே 26தான் வரும்.

இந்த ஒழுகலைச் சரிசெய்யும் கணக்கை அடித்தளமாக வைத்துத் தொடங்கிய நிறுவனம் கிரிம்சன் ஹெக்ஸகன். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 2007இல் தோன்றியது. 2018இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து பெயரை இழந்தது. இந்தத் தொழிலில் ஒரு நிறுவனத்தின் தலைமையும் ஆலோசகர்களும் எதைத் தீர்மானிக்க முடியும், எதைத் தீர்மானிக்கவே முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். கணக்கைப் போட்டவர்கள் உலகத் தரத்தில் இருந்தார்கள். கணக்குக்குத் தேவையான பதிவுகள் வேறொருவர் வீட்டுக் குழாயிலிருந்து வந்தன.

நிறுவனத்தின் மூளை கேரி கிங். ஹார்வர்டு பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர். அங்கே அளவறி சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். கணினித் துறையிலிருந்து வந்தவர் அல்ல என்பது முக்கியம். ஒரு பதிவு எந்த வகையில் சேரும் என்பது கணினித் துறையினரின் கேள்வி. மொத்தத்தில் எத்தனை சதவீதம் எந்த வகை என்பது சமூக அறிவியலாளரின் கேள்வி. வைக்கோல்போரில் ஊசியைத் தேடுபவர் ஒருவர், வைக்கோல் எவ்வளவு, ஊசி எவ்வளவு என்று அளப்பவர் இன்னொருவர். இரண்டும் ஒரே வேலை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். கிங் அதை ஏற்கவில்லை.

அவருடைய முறை பிறந்த இடம் எதிர்பாராதது: மரணக் கணக்கு. மருத்துவரின் சான்றிதழ் இல்லாமலேயே பெரும்பாலான இறப்புகள் நிகழும் நாடுகளில், யார் எதனால் இறந்தார்கள் என்பதை அறிய இறந்தவரின் வீட்டாரிடம் கேட்பார்கள். காய்ச்சல் இருந்ததா, இருமினாரா, மூச்சு வாங்கியதா, வயிற்றுப்போக்கு உண்டா. ஒவ்வொரு இறப்புக்கும் ஒரு காரணத்தை ஒட்டிவைத்துக் கூட்டினால் மேலே சொன்ன அதே ஒழுகல் வரும். யிங் லூ என்ற ஆய்வாளரோடு சேர்ந்து கிங் 2008இல் வெளியிட்ட வழி வேறு. காரணம் தெரிந்த மருத்துவமனை இறப்புகளில் எந்த நோய்க்கு எந்த அறிகுறிக் கூட்டு எத்தனை முறை வருகிறது என்று முதலில் பார். பிறகு ஊரில் நேர்ந்த இறப்புகளில் அறிகுறிக் கூட்டுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று பார். எந்த நோய் எந்த விகிதத்தில் கலந்திருந்தால் ஊரின் கணக்கு இப்படி வரும் என்று பின்னோக்கித் தீர். எந்தத் தனி மனிதரின் மரணக் காரணத்தையும் சொல்லவேண்டியதில்லை. விகிதம் மட்டும் நேராகக் கிடைக்கும்.

அறிகுறிக்குப் பதில் சொற்களை வையுங்கள், நோய்க்குப் பதில் கருத்தை வையுங்கள். டேனியல் ஹாப்கின்ஸும் கிங்கும் 2010இல் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையின் சாரம் அதுதான். மென்பொருளுக்கு 'ரீட்மீ' என்று பெயர். முதலில் சோதித்துப் பார்த்தது ஜார்ஜ் புஷ் குறித்த வலைப்பதிவுகளில். மிக எதிர்ப்பு முதல் மிக ஆதரவு வரை ஐந்து படிகள். 'கருத்து இல்லை' என்று ஒன்று. 'இது வலைப்பதிவே அல்ல' என்று இன்னொன்று. மொத்தம் ஏழு பெட்டிகள். கடைசி இரண்டையும் சேர்த்ததுதான் அனுபவசாலியின் கை. அவை இல்லாவிட்டால் குப்பையெல்லாம் ஆதரவிலோ எதிர்ப்பிலோ போய் விழும்.

நம் ஆயிரம் பதிவுகளுக்கே எளிய வடிவில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அந்த மென்பொருளிடம் குறையே இல்லாத 1,000 பதிவுகளைக் கொடுத்தாலும் 200ஐக் குறை என்று சொல்லும். எல்லாமே குறையாக இருந்தால் 800 என்று சொல்லும். இப்போது 260 என்கிறது. 200க்கும் 800க்கும் இடையே உள்ள 600இல் 60 கடந்திருக்கிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆக விடை 10 சதவீதம். கருவி எந்த அளவுக்குத் தவறும் என்று தெரிந்துவிட்டால் தவறைக் கழித்துவிடலாம். ரீட்மீ இதையே நூற்றுக்கணக்கான சொற்கூட்டுகளைக் கொண்டு, நடுவில் பிரிக்கும் மென்பொருளே இல்லாமல் செய்கிறது.

நடைமுறையில் வேலை இப்படிப் போகும். பெட்டிகளை முதலில் வரையறுக்க வேண்டும். ஒரு பதிவு ஒன்றில்தான் விழ வேண்டும், எல்லாப் பதிவுக்கும் ஒரு பெட்டி இருக்க வேண்டும். பிறகு மனிதர்கள் உட்கார்ந்து மாதிரிப் பதிவுகளைப் படித்துப் பிரிக்க வேண்டும். எத்தனை? ஹாப்கின்ஸும் கிங்கும் தந்த கணக்குப்படி, ஏறத்தாழ 500க்கு மேல் போனால் பெரிய பயன் இல்லை; சில வேலைகளுக்கு 100க்குக் குறைவாகவே போதும். இரண்டு பேர் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். அவர்களே ஒத்துப்போகாத பெட்டியை எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது. அங்கே வரையறையைத்தான் திருத்த வேண்டும், இயந்திரத்தை அல்ல.

எங்கே சறுக்கும்? மாதிரியில் இருந்த பேச்சும் இன்றைய பேச்சும் வேறுவேறாகப் போகும்போது. பழைய மாதிரியில் ஒரு சொல் பாராட்டாக இருந்திருக்கும். ஒரு சம்பவத்துக்குப் பிறகு அதே சொல் கேலியாகிவிடும். அல்லது மாதிரி எடுத்தபோது இல்லாத புதுப்பேச்சு ஒன்று முளைத்திருக்கும். இதை கிங்கின் குழுவே பிற்பாடு ஆராய்ந்து, ரீட்மீயின் இரண்டாம் வடிவத்தில் ஓரளவு சரிசெய்தது. ஆறு மாதத்துக்கு முன் பயிற்சி கொடுத்த அளவீட்டை இன்றும் நம்பி ஓட்டுவதுதான் வாடிக்கையாளர்கள் அதிகம் செய்யும் தவறு.

கிங் தம் பேச்சுகளில் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வேலையின்மையைப் பற்றி மக்கள் பேசுவதை அளக்க 'ஜாப்ஸ்' (வேலைகள்) என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்தொடர்ந்தபோது ஒரு நாள் கோடு செங்குத்தாக ஏறியது. பொருளாதாரம் சரியவில்லை. 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்திருந்தார். வேலையைக் குறிக்கும் 'ஜாப்ஸ்' என்ற சொல்லே அவர் பெயராகவும் இருந்தது. குறிச்சொல்லை மட்டும் எண்ணும் எந்தக் கருவிக்கும் இந்த அபாயம் உண்டு.

தமிழுக்கு இந்த முறையில் ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. அகராதி தேவையில்லை என்பது நன்மை. ஆங்கிலத்தில் 'நல்ல சொல், கெட்ட சொல்' பட்டியல் வைத்து ஓடும் கருவிகளைத் தமிழுக்கு மாற்றுவது பெரும்பாடு. இங்கே தமிழ் தெரிந்த இரண்டு பேர் சில நூறு பதிவுகளைப் பிரித்தால் போதும். சிக்கல், நம் சொற்கள் வளரும் விதம். 'நல்லா இருக்கு' பாராட்டு. 'நல்லாவா இருக்கு?' அதற்கு நேரெதிர். 'நல்லா இருந்திருக்கலாம்' ஏமாற்றம். எதிர்மறையும் சந்தேகமும் ஈற்றில் ஒட்டியிருக்கின்றன. சொல்லின் வேரை மட்டும் வைத்துக்கொண்டு வாலை வெட்டும் மென்பொருள், பொருளையும் சேர்த்து வெட்டிவிடும். போதாக்குறைக்கு 'ரொம்ப' என்ற ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். ஒரே சொல் ஐந்து சொல்லாகச் சிதறினால் ஒவ்வொன்றுக்கும் சான்று மெலிந்துவிடும். வேலைக்கு இறங்குமுன் எழுத்துக்கூட்டலை ஒருமுகப்படுத்துவதும், தமிழ் எழுத்துப் பதிவுகளுக்கும் ஆங்கில எழுத்துத் தமிழுக்கும் தனித்தனியாக மாதிரி எடுப்பதும் தவிர்க்க முடியாதவை.

முறை இப்படி இருக்க, நிறுவனத்தை நடத்தியவர் கிங் அல்ல. அவர் ஹார்வர்டை விட்டு வெளியே வரவே இல்லை. காப்புரிமையைப் பல்கலைக்கழகம் வைத்திருந்தது, நிறுவனம் அதற்கு உரிமம் வாங்கியது. இணை நிறுவனரான கேண்டஸ் ஃபிளெமிங் முதல் தலைமைச் செயல் அதிகாரி. 2012இல் அந்தப் பொறுப்புக்கு ஸ்டெஃபனி நியூபி வந்தார். பெண்கள் நடத்தும் தொழில்களில் முதலீடு செய்யும் 'கோல்டன் சீட்ஸ்' என்ற குழுவைத் தொடங்கியவர் அவர்; அந்தக் குழு கிரிம்சன் ஹெக்ஸகனிலும் பணம் போட்டிருந்தது. முதலீட்டாளர் ஒருவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் மாறுவது வாடிக்கையாளர் பட்டியல்தான். ஆய்வுக் கருவியாக இருந்தது, பெரிய பிராண்டுகளும் விளம்பர நிறுவனங்களும் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் டேஷ்போர்டாக, அதாவது எண்களை ஒரே திரையில் காட்டும் பலகையாக, வளர்ந்தது. இதில் தவறு இல்லை. பேராசிரியரின் கணக்கு சம்பளம் கொடுக்காது.

ஆனாலும் ஆய்வுப் பக்கம் உயிரோடு இருந்தது, அதுவே நிறுவனத்துக்கு மரியாதையையும் தந்தது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் ஓராண்டு ட்விட்டர் பேச்சை இந்தக் கருவியால் அளந்து, அதே நிகழ்வுகள் பற்றிய மக்கள் கருத்துக்கணிப்போடு ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டது. பல இடங்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. 2012 அதிபர் தேர்தலின் முதல் விவாதத்தில் மிட் ராம்னி வென்றார் என்றது கருத்துக்கணிப்பு. ட்விட்டர் ஒபாமா பக்கம் சாய்ந்தது. கருவி பிழை செய்யவில்லை. ட்விட்டரில் இருப்பவர்கள் வாக்காளர்களின் மாதிரி அல்ல, அவ்வளவுதான். அளப்பது எவ்வளவு சரியாக இருந்தாலும், யாரை அளக்கிறோம் என்ற கேள்விக்கு அது விடை ஆகாது.

கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் மூவரும் சீனத் தணிக்கையைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே குறிப்பிடத் தக்கது. ஏறத்தாழ 1,400 சீனச் சமூக ஊடகத் தளங்களின் பதிவுகளைத் தணிக்கையாளர் நீக்குமுன் சேகரித்து, பிறகு எவை மறைந்தன என்று பார்த்தார்கள். அரசைத் திட்டுவதை சீன அரசு பெரும்பாலும் விட்டுவிடுகிறது, ஆட்களைத் தெருவில் திரட்டக்கூடிய பேச்சைத்தான் அழிக்கிறது என்று கண்டார்கள். பல ஆண்டு ஊகத்தை மாற்றிய முடிவு அது. மக்கள் தேடும் சொற்களை வைத்து கூகுள் செய்த ஃப்ளூ காய்ச்சல் கணிப்பு மருத்துவமனைக் கணக்கைவிட எப்படி மிகையாகப் போனது என்று 2014இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய நால்வரிலும் கிங் ஒருவர். பெருந்தரவை விற்கும் நிறுவனத்தின் நிறுவனரே பெருந்தரவின் அகந்தையைக் கண்டித்து எழுதுவது எளிதில் காணக் கிடைக்காத நேர்மை.

நிறுவனர் எங்கிருந்து வந்தார் என்பது பொருளில் எப்படிப் படிகிறது என்பதற்கு அக்காலத்தின் வேறு நிறுவனங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ட்வீட்களைத் தேடித் தந்த டாப்ஸி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விபுல் வேத் பிரகாஷ் அதற்குமுன் குப்பை மின்னஞ்சலை வடிகட்டும் மென்பொருள் செய்தவர்; அந்தத் துறையின் கிளவுட்மார்க் நிறுவனத்துக்கு இணை நிறுவனர். எந்த அஞ்சலை நம்பலாம் என்று பல ஆண்டு யோசித்தவர், எந்த ட்வீட்டை நம்பலாம் என்று யோசித்ததில் வியப்பில்லை. டாப்ஸியின் தேடல், சொன்னவரின் செல்வாக்கை எடைபோட்டது. ஆப்பிள் அதை 2013 டிசம்பரில் வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து மூடியது.

புளூஃபின் லேப்ஸின் டெப் ராய் எம்.ஐ.டி. மீடியா லேபின் ஆய்வாளர். தம் மகன் பேசக் கற்றுக்கொள்வதை அறிய வீடு முழுக்கக் கேமராவும் மைக்கும் பொருத்தி, மூன்று ஆண்டுகளில் 90,000 மணி நேர வீடியோவைப் பதிவுசெய்தவர். ஒரு சொல் எந்தச் சூழலில் பிறக்கிறது என்பதே அவர் தேடல். அவரும் அவர் மாணவர் மைக்கேல் ஃபிளைஷ்மனும் அதே கேள்வியைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார்கள்: இந்த ட்வீட் திரையில் ஓடும் எந்தக் காட்சியைப் பார்த்து எழுதப்பட்டது? 2013 பிப்ரவரியில் ட்விட்டரே புளூஃபினை வாங்கியது. ராய் ட்விட்டரின் தலைமை ஊடக விஞ்ஞானி ஆனார்.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் பிறந்த ரேடியன்6 முற்றிலும் வேறு. அதன் நிறுவனர் கிறிஸ் நியூட்டன் கணினி வலையமைப்புப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்தவர். எங்கோ ஒரு எச்சரிக்கை ஒலித்தால் உடனே ஒருவர் கவனித்து முடிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் பழக்கம். ரேடியன்6இன் வலிமை விகிதக் கணக்கில் இல்லை. ஒரு புகார்ப் பதிவைக் கண்டதும் அதை ஓர் ஊழியரிடம் ஒப்படைத்து, பதில் போனதா என்று பார்க்கும் ஏற்பாட்டில் இருந்தது. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் 2011இல் அதை ஏறத்தாழ 326 மில்லியன் டாலருக்கு வாங்கியது பொருத்தமான முடிவு.

இவர்கள் எல்லோரும் வெவ்வேறு திறமைசாலிகள். எல்லோருக்கும் தண்ணீர் வந்த குழாய் மட்டும் ஒன்று. ட்விட்டரின் எல்லாப் பொதுப் பதிவுகளும் அப்படியே பாயும் ஓடைக்குத் தொழிலில் 'ஃபயர்ஹோஸ்' என்று பெயர். தீயணைப்புக் குழாய். அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் இடைநிலை நிறுவனங்களாக க்னிப்பும் டேட்டாசிஃப்ட்டும் இருந்தன. 2014இல் ட்விட்டர் க்னிப்பை வாங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மற்றவர்களுக்கு ஃபயர்ஹோஸ் மறுவிற்பனை கிடையாது என்று அறிவித்தது. ஆகஸ்டில் டேட்டாசிஃப்ட்டின் குழாய் மூடப்பட்டது. டேட்டாசிஃப்ட்டின் நிறுவனர் நிக் ஹால்ஸ்டெட் சாதாரண ஆள் அல்ல. அவருடைய முந்தைய தளமான ட்வீட்மீம்தான் ரீட்வீட் பொத்தானைப் பரப்பியது. தளத்தின் வளர்ச்சிக்கே உதவியவரின் நிறுவனத்துக்கு நேர்ந்தது இது. அதன்பிறகு அது ஃபேஸ்புக் தரவைப் பிடித்துக்கொண்டது. 2018இல் ஊடகக் கண்காணிப்பு நிறுவனமான மெல்ட்வாட்டரிடம் போய்ச் சேர்ந்தது.

பங்கைக் கொடுத்தால் குழாய் பத்திரமாகுமா? ட்வீட்களை அலசி, நடக்கும் சம்பவங்களை உடனுக்குடன் எச்சரிக்கும் டேட்டாமைனர் நிறுவனத்தில் ட்விட்டருக்கு ஏறத்தாழ 5 சதவீதப் பங்கு இருந்தது. பாதுகாப்பு கிடைத்தது உண்மை. கூடவே கட்டுப்பாடும் வந்தது: அமெரிக்க உளவு அமைப்புகளுக்கு இந்தச் சேவையை விற்கக்கூடாது என்று ட்விட்டர் தடுத்தது 2016 மே மாதம் செய்தியானது. அதே ஆண்டு அக்டோபரில் ஜியோஃபீடியா என்ற நிறுவனம், போராட்டக்காரர்களைக் கண்காணிக்கக் காவல்துறைகளுக்குக் கருவி விற்றது அம்பலமானதும், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ட்விட்டரும் அதற்குத் தரவு தரும் இணைப்பைத் துண்டித்தன. அடுத்த மாதமே ஊழியர்களில் பாதிப்பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கண்காணிப்புக் கருவிகளுக்குத் தன் தரவைப் பயன்படுத்தத் தடை என்று 2017 மார்ச்சில் ஃபேஸ்புக் விதியில் எழுதியது.

இந்தப் பின்னணியில்தான் 2018 ஜூலை வருகிறது. கோடிக்கணக்கான ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கிரிம்சன் ஹெக்ஸகன் அமெரிக்க அரசு அமைப்புகளோடும், ரஷ்ய அரசோடு தொடர்புடைய ஓர் அமைப்போடும் ஒப்பந்தம் வைத்திருந்ததைப் பற்றி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் கேள்வி எழுப்பியது. ஃபேஸ்புக் உடனே நிறுவனத்தை இடைநிறுத்தி விசாரணை தொடங்கியது. தாங்கள் எடுப்பது யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவுகளை மட்டுமே என்று நிறுவனம் விளக்கியது. அந்த விளக்கத்தில் பொருள் இருந்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவில் நடந்தது தனிப்பட்ட விவரங்களின் திருட்டு, இது வேறு. ஆகஸ்டில் இணைப்பு திரும்பக் கிடைத்தது. ஆனால் ஒரு மாத இடைநிறுத்தத்தில் வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிட்டது, இவர்களின் உயிர்நாடி யார் கையில் என்று.

இன்னும் கவனிக்கவேண்டியது: அதே 2018 ஏப்ரலில்தான் கிங், நதானியேல் பெர்சிலி என்ற சட்டப் பேராசிரியரோடு சேர்ந்து, ஃபேஸ்புக் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடும் சோஷியல் சயன்ஸ் ஒன் திட்டத்தை அறிவித்திருந்தார். ஃபேஸ்புக்கோடு இவ்வளவு நெருக்கமான நிறுவனர் இருந்தும் இடைநிறுத்தம் ஒரே நாளில் வந்தது. பெயர்பெற்ற ஆலோசகர் வாசல் கதவைத் திறந்துவைப்பார் என்று நம்புகிறவர்கள் இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். அந்தத் திட்டமும் நோகாமல் நடக்கவில்லை. ஃபேஸ்புக் ஆய்வாளர்களுக்குக் கொடுத்த தரவில் அமெரிக்கப் பயனர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் விடுபட்டிருந்தது 2021இல் தெரியவந்தது. குழாயை வைத்திருப்பவர் தண்ணீரையும் கலக்கிவிட முடியும், தெரியாமலேயே.

2018 அக்டோபரில் பிரிட்டனின் பிரைட்டன் நகரைச் சேர்ந்த, இதே தொழிலில் இருந்த பிராண்ட்வாட்சோடு கிரிம்சன் ஹெக்ஸகன் இணைந்தது. பெயர் பிராண்ட்வாட்ச், தலைவர் அதன் நிறுவனர் ஜைல்ஸ் பாமர். இரண்டும் சேர்ந்து ஆண்டு வருவாய் ஏறத்தாழ 100 மில்லியன் டாலர் என்றார்கள். 2021இல் சிஷன் என்ற மக்கள்தொடர்பு மென்பொருள் நிறுவனம் பிராண்ட்வாட்சை 450 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. தளங்களோடு பேரம் பேசத் தனித்தனிச் சிறு நிறுவனங்களுக்கு வலு போதவில்லை என்பதே இந்த இணைப்புகளுக்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறோம்.

இனி, இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் சேவையை வாங்கப்போகும் செய்தி நிறுவனமோ தொண்டு அமைப்போ வியாபாரியோ அதன் தலைமைப் பட்டியலை எப்படிப் படிக்கலாம்? முதலில் இயக்குநர் குழுவையும் ஆலோசகர் குழுவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இயக்குநருக்கு வாக்கு உண்டு, சட்டப் பொறுப்பு உண்டு. ஆலோசகருக்கு இரண்டும் இல்லை. தொடக்க நிலை நிறுவனங்களில் ஆலோசகருக்கு வழக்கமாக ஒரு சதவீதத்துக்குள் பங்கு, அதுவும் இரண்டு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி எழுதித் தருவார்கள். மாதம் ஒரு தொலைபேசி அழைப்புக்குமேல் ஈடுபாடு இல்லாத பெயர்களும் அந்தப் பட்டியலில் நிற்கும். இயக்குநர் யார் என்பது பதிவேட்டில் இருக்கும்: இந்திய நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், பிரிட்டன் நிறுவனம் என்றால் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் பார்த்துவிடலாம். நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் சிரிக்கும் படங்களைவிட அந்தப் பதிவேடு நம்பகமானது.

அடுத்து, பேராசிரியர் ஒருவர் பெயர் இருந்தால், அவருடைய முறை உண்மையிலேயே பொருளுக்குள் ஓடுகிறதா என்று கேளுங்கள். கிரிம்சன் ஹெக்ஸகனில் ஓடியது. கட்டுரை வெளியாகியிருந்தது, யாரும் சரிபார்க்கலாம். 'எங்கள் சொந்த செயற்கை நுண்ணறிவு' என்று மட்டும் பதில் வந்தால், நம் ஆயிரம் பதிவுக் கணக்கை எடுத்துவைத்து, தனிப்பதிவுத் துல்லியம் எவ்வளவு, விகிதப் பிழை எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

முதலீட்டாளர் பட்டியலிலும் செய்தி இருக்கிறது. சி.ஐ.ஏ.வின் தேவைக்காக 1999இல் தொடங்கிய இன்-கியூ-டெல் என்ற முதலீட்டு அமைப்பு இத்துறையில் பல நிறுவனங்களில் பணம் போட்டிருக்கிறது. அதனால் அந்த நிறுவனம் கெட்டது என்று பொருள் இல்லை. அரசுக்கு விற்பது அதன் திட்டத்தில் இருக்கிறது, ஆகவே தளங்கள் ஒருநாள் கேள்வி கேட்கக்கூடும் என்று பொருள். எல்லாவற்றையும்விட முக்கியமான ஆள் பெரும்பாலான பட்டியல்களில் கீழே இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார்: தளங்களோடு தரவு ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்பவர். ஒப்பந்தம் எப்போது முடிகிறது, இடைநிறுத்தினால் ஏற்கெனவே சேர்த்த பதிவுகள் வாடிக்கையாளருக்குக் கிடைக்குமா, சந்தாப் பணம் திரும்புமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்று குழாய் இன்னும் குறுகிவிட்டது. ட்விட்டர் 2023இல் எக்ஸ் என்று பெயர் மாறிய காலத்தில் இலவசத் தரவு இணைப்பை ஏறக்குறைய மூடியது. பெரிய நிறுவனங்களுக்கான விலை மாதம் 42,000 டாலரிலிருந்து தொடங்குவதாகச் செய்தி வந்தது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பத்திரிகையாளர்கள் பார்த்துவந்த கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தப்பட்டது. அதை உருவாக்கிய பிராண்டன் சில்வர்மன் அதற்குமுன்பே ஃபேஸ்புக்கை விட்டு வெளியேறி, தளங்கள் தரவைத் திறக்கும்படி சட்டம் வேண்டும் என்று 2022இல் அமெரிக்க செனட் குழுமுன் சாட்சி சொன்னார். கிங் ஹார்வர்டில் தொடர்கிறார். ரீட்மீயின் இரண்டாம் வடிவத்தை 'ஆர்' என்ற நிரல்மொழி தெரிந்த யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்நூறு பதிவுகளைப் பிரிக்க இரண்டு பேரும் சில நாட்களும் தேவை. பதிவுகளைத் தளத்திடமிருந்து வாங்குவதுதான் இப்போது பெரிய செலவு.